போஸ்பாரா சந்திலிருந்து லெபாங் சாலை வரை

செப்டம்பர் 6, கொல்கத்தா

ஹவுராவில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் டாக்ஸிக்காரர் 400 ரூபாய் கேட்டு 350-க்கு ஒத்துக்கொண்டார். பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் முழங்கால் அளவு தண்ணீர். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, நனைந்துகொண்டே எதிர்க்கடைக்கு ஓடிப்போய் மண்குவளைகளில் டீ வாங்கி வந்தார். காசை நீட்டினால் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். "மழை எங்க ஊர் மழை. அதனால டீயும் எங்க டீ" என்று இந்தியில் சொன்னார். சித்திக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

இந்தப் பயணம் சித்தியின் ஆசை. கோவில்பட்டிப் பக்கம் பல வருஷம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பாரதி பாட்டு எதைக் கேட்டாலும் பார்க்காமல் சொல்வார். பாரதி தன் குரு என்று எழுதிவைத்த நிவேதிதா எந்த வீட்டில் இருந்தார், எந்த வீட்டில் இறந்தார் என்று இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் எண்ணம். சித்தப்பா போன பிறகு அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தார். போன மாதம் திடீரென்று போனில், "கால் நல்லா இருக்கும்போதே போயிட்டு வந்திரணும்ட்டி" என்றார். கிளம்பிவிட்டோம்.

விடுதி எஸ்பிளனேடு பக்கம். ஈரத்துணியைக் காயப்போட இடமில்லாத அறை. இரவுச் சாப்பாடு சோறும் பருப்பும் கத்தரிக்காய் வறுவலும். கடுகெண்ணெய் வாசம் சித்திக்கு ஒத்துவரவில்லை. வெறும் சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 7, பாக்பஜார்

காலையில் மெட்ரோ பிடித்து ஷோபாபஜாரில் இறங்கினோம். ஆளுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து பாக்பஜாருக்கு நடை. வழியில் ஒரு கடையில் சூடாக, பூரி மாதிரியான கோச்சுரி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு கோச்சுரியும் தோலோடு வெட்டிப்போட்ட உருளைக்கிழங்குக் கறியும் 40 ரூபாய். தையல் இலைத் தொன்னையில் தருகிறார்கள். உட்கார இடமில்லை, எல்லோரும் நின்றபடிதான் சாப்பிடுகிறார்கள். சித்திக்கு முன்னால் நின்ற பையன் தன் தட்டோடு நகர்ந்து, கடைத் திண்ணையைக் கைக்குட்டையால் துடைத்து, "மாஷிமா, உட்காருங்க" என்றான். சித்தி நேற்றுச் சாப்பிடாததையும் சேர்த்து இங்கே சாப்பிட்டார்.

போஸ்பாரா சந்து என்று கேட்டால் வயதானவர்கள் வழி சொல்கிறார்கள். இப்போது அது ராமகிருஷ்ண பரமஹம்சரின் மனைவி சாரதா தேவியின் பெயரில் இருக்கிறது. இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய அகலம். பழைய வீடுகள், பச்சை மரச் சன்னல்கள், மேலே சிக்கலாகத் தொங்கும் மின்கம்பிகள், குழாயடியில் குளித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள். அதற்கு நடுவே சுத்தமாகச் சுண்ணாம்பு பூசி நிற்கிறது நிவேதிதா இருந்த 16ஏ எண் வீடு. தனியாரிடம் பாழடைந்து கிடந்ததை மாநில அரசு வாங்கி 2013-இல் ராமகிருஷ்ண சாரதா மிஷனிடம் கொடுத்தது. பழையபடியே எடுத்துக்கட்டி, நிவேதிதாவின் 150-ஆவது பிறந்த ஆண்டையொட்டி அருங்காட்சியகமாக்கினார்கள்.

மாளிகை மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்துப் போனேன். இது நம் ஊர்த் தெருவில் இருக்கும் நடுத்தரக் குடும்பத்து வீடு அளவுதான். நடுவில் முற்றம், சுற்றிச் சின்னச் சின்ன அறைகள், குறுகலான படிக்கட்டு. வெளியே மழை விட்டிருந்தும் முற்றத்தில் தாழ்வாரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சித்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

விளக்கம் சொன்ன அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வங்காளக் கரைபோட்ட வெள்ளைப் புடவை. நாங்கள் தமிழ்நாடு என்றதும் மெதுவான ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். மார்கரெட் நோபிள் என்ற இயற்பெயர் கொண்ட நிவேதிதா 1867-இல் அயர்லாந்தின் டங்கானனில் பிறந்தவர், லண்டனில் பள்ளி நடத்தியவர், 1895-இல் விவேகானந்தரின் பேச்சைக் கேட்டவர், 1898 ஜனவரி 28 அன்று கல்கத்தாவில் கப்பலிறங்கியவர். இதெல்லாம் சித்திக்குத் தெரியும். தெரியாதது அடுத்து வந்தது.

அந்த வருஷம் நவம்பரில் நிவேதிதா இந்தச் சந்துக்கு வந்தபோது முதலில் தங்கியது சாரதா தேவியின் வீட்டில். அங்கே விதவைப் பெண்கள் பலர், எல்லோரும் தரையில் வரிசையாகப் பாய்விரித்துப் படுப்பார்கள். அந்த வரிசையில் இவரும் ஒருவர். மிலேச்சப் பெண்ணோடு ஒரே கூரையில் இருந்தார்கள் என்று அந்தப் பெண்களை அவர்கள் சொந்தக்காரர்களே ஒதுக்கிவைக்கக்கூடும் என்பது சில நாட்களில் அவருக்குப் புரிந்தது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. தானாகவே பக்கத்தில் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் மதியங்களில் சாரதா தேவியின் வீட்டில்தான் இருப்பாராம்.

1898 நவம்பர் 13, காளி பூஜை நாள். இந்த வீட்டில் பெண் குழந்தைகளுக்கான பள்ளியை சாரதா தேவி வந்து பூஜை செய்து தொடங்கிவைத்தார். விவேகானந்தரும் இருந்தார். பிள்ளைகளைச் சேர்க்க நிவேதிதா வீடுவீடாகப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. பத்து வயதில் கல்யாணம் ஆகிவிடும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம். வந்த பிள்ளைகளுக்கு எழுத்தோடு தையல், சித்திரம், களிமண்ணில் உருவம் செய்வது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

எந்த அறையில் பாடம் நடந்திருக்கும் என்று சித்தி கேட்டார். இங்கேதான் எல்லா இடத்திலும் என்று அந்த அம்மா கையை விரித்தார். சித்தி ஒவ்வோர் அறையாகப் போய் நின்று பார்த்தார். "இதுல இருபது பிள்ளை உட்காரலாம். வெளிச்சம் அந்தப் பக்கம் இருந்து வருது, அப்ப கரும்பலகை இங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பார்க்க வந்தவர் என்பதை மறந்து, நாளைக்கே வகுப்பெடுக்கப் போகிறவராகப் பேசினார். எனக்கு அவரை அப்படிப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

முற்றத்தில் நின்று கேட்ட இரண்டு சம்பவங்கள் மனதைவிட்டுப் போகவில்லை. 1899 ஜனவரியில் நிவேதிதா ஒரு தேநீர் விருந்து வைத்தார். விவேகானந்தரும் ரவீந்திரநாத் தாகூரும் வந்திருந்தார்கள். ராமகிருஷ்ண மடத்துச் சன்னியாசியான விவேகானந்தரையும், உருவ வழிபாட்டை ஏற்காத பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த தாகூர் போன்றவர்களையும் ஒன்றாக உட்காரவைப்பது அன்றைக்குச் சுலபமில்லை. தாகூர் தன் பாடல்களைப் பாடினார்.

மற்றது அடுத்த சில வாரங்களில் நடந்தது. ஊரில் பிளேக். நிவேதிதா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவைப் பெருக்க இறங்கினார். வெள்ளைக்காரப் பெண் சாக்கடை அள்ளுவதைப் பார்த்த பிறகுதான் இளைஞர்கள் வெட்கப்பட்டுச் சேர்ந்துகொண்டார்கள். டாக்டர் ஆர். ஜி. கர் எழுதிவைத்திருக்கிறார்: ஒருநாள் பாக்பஜார்க் குடிசையில் ஒரு பிளேக் குழந்தையைப் பார்த்துவிட்டு, எச்சரிக்கையாக இருக்கும்படி நிவேதிதாவிடம் சொல்லிப் போனாராம். மாலையில் திரும்பி வந்தால், ஈரம் கசியும் அந்தக் குடிசையில் தாயில்லாத குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் நிவேதிதா. இரவும் பகலும் அங்கேயே இருந்தார். குழந்தை பிழைக்கவில்லை. கடைசி நேரத்தில் இவரைத் தாய் என்று நினைத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

சித்தி எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவிடம் பாரதியைப் பற்றிச் சொன்னார். கல்கத்தாவை அடுத்த டம்டமில் நிவேதிதாவைச் சந்தித்ததும், மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதா கேட்டதாகத் தமிழ்நாட்டில் வழங்கும் கதையும், 1908-இல் ‘ஸ்வதேச கீதங்க’ளையும் அடுத்த வருஷம் ‘ஜன்ம பூமி’யையும் அவருக்குச் சமர்ப்பித்ததும். நான் ஆங்கிலத்தில் சொன்னேன், சித்தி நடுநடுவே திருத்தினார். "பாட்டு எதாவது இருக்கிறதா?" என்று அந்த அம்மா கேட்டதும், "நிவேதிதையைத் தொழுது நிற்பேன்" என்று முடியும் பாட்டை சித்தி அந்த முற்றத்திலேயே முழுதாகச் சொன்னார். மேல்மாடியிலிருந்து கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள். மறுபடி சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொண்டார்கள்.

நமக்கு நிவேதிதா என்றால் பாரதியின் வாழ்க்கையில் ஒரு பத்தி. பாரதிக்கு வழிகாட்டிய அம்மையார், அவ்வளவுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். துடைப்பம் பிடித்த கை, வாசல் வாசலாக ஏறி இறங்கிய கால் எல்லாம் நமக்கு வந்து சேரவில்லை. அதைத் தமிழில் யாராவது விரிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வெளியே வந்தபோது தோன்றியது.

திரும்பும்போது சித்தியின் செருப்பு வார் அறுந்துவிட்டது. சந்து முனையில் தைக்கிறவர் 20 ரூபாய் வாங்கி, மற்றதையும் சும்மாவே ஒரு தையல் போட்டுக் கொடுத்தார். பக்கத்தில் மண்சட்டியில் இனிப்புத் தயிர் 30 ரூபாய். ரசகுல்லாவும் சாப்பிட்டோம். இதே பாக்பஜாரில்தான் நோபின் சந்திர தாஸ் 1868-இல் ரசகுல்லாவைச் செய்தார் என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 8, பாக்பஜார், குமார்ட்டுலி

மறுபடியும் அதே பக்கம். முதலில் சாரதா தேவி 1909-லிருந்து 1920-இல் மறையும் வரை இருந்த வீடு. ராமகிருஷ்ண மடத்தின் வங்காளப் பத்திரிகையான உத்போதனின் அலுவலகமாகவும் இருந்த இடம். வாசலிலேயே மௌனமாக இருக்கச் சொல்கிறார்கள். மாடியில் அவர் இருந்த அறை இப்போது பூஜையறை. பெண்கள் கூட்டம் நிறைய. ஒரு பாட்டி எங்களுக்காக விலகி, முன்னால் நின்று பார்க்கும்படி சித்தியை மெல்லத் தள்ளிவிட்டார்.

பிறகு நிவேதிதா லேன். அவர் ஆரம்பித்த பள்ளி இன்றும் நடக்கிறது, அந்தத் தெருவில். நாங்கள் போன நேரம் பள்ளி விடும் நேரம். சீருடையில் பெண்பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்து, மசாலாப் பொரி விற்கும் ஜால்முரிக்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே போகக் கேட்கவில்லை. எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு பெண் தலைப்பின்னலை அவிழ்த்துக்கொண்டே எதையோ ஒப்பித்துக்கொண்டு போனாள். "நாளைக்குப் பரிச்ச" என்றார் சித்தி உறுதியாக.

இந்தப் பள்ளியில்தான் தினமும் வந்தே மாதரம் பாடவைத்தார் நிவேதிதா. வஜ்ராயுதம் பொறித்த ஒரு தேசியக் கொடியை வடிவமைத்து, மாணவிகளை வைத்தே அதைத் தைத்து, 1906 கல்கத்தா காங்கிரஸ் கண்காட்சியில் வைத்தார். மூவர்ணக்கொடிக்கு வெகுநாள் முன்பு. அரசியலில் இறங்கியதற்காக, விவேகானந்தர் மறைந்த 1902-இலேயே ராமகிருஷ்ண மடத்துடனான முறையான தொடர்பை விட்டுவிட்டார். இந்தத் தெருவை மட்டும் விடவில்லை. பக்கத்து 17-ஆம் எண் வீட்டுக்கு மாறி இங்கேயே இருந்தார். கோபாலேர் மா என்ற, ஆசாரத்தில் ஊறிய பிராமண விதவை தன் கடைசி வருஷங்களில் அந்த வீட்டுக்கு வந்து இவரோடு இருந்தார். தண்ணீரைக்கூடப் பார்த்துப் பார்த்துக் குடித்த பாட்டி அவர். ஒரு சந்து சில வருஷத்திலேயே எவ்வளவு தூரம் வந்துவிட்டது.

மாலை, சிலை செய்கிறவர்கள் இருக்கும் குமார்ட்டுலி. துர்கா பூஜைக்கு இன்னும் நாளிருக்கிறது. வைக்கோல் கட்டிய உடல்கள், களிமண் பூசிய உடல்கள், முகமில்லாத துர்கைகள் என்று சந்து முழுக்க. மழையில் மண் காயாததால் ஒருவர் சின்ன எரிவாயு விளக்கைக் காட்டி மகிஷனின் தோளை உலர்த்திக்கொண்டிருந்தார். ஆர்டர் கொடுத்தவர்கள் அவசரப்படுத்துகிறார்கள், வெயில் வந்தால்தானே என்று புலம்பினார். அவர் விரலளவு மண்சிங்கம் ஒன்றை சித்திக்குக் கொடுத்தார். 50 ரூபாய் கொடுத்தோம். 20 போதும் என்று மிச்சத்தைத் தந்துவிட்டார்.

இரவு சியால்டாவில் டார்ஜிலிங் பக்கம் போக ரயில்.

செப்டம்பர் 9, மலைப்பாதை

இந்த நாள் முழுதும் ஜீப்பில் போய்விட்டது. ரோஹிணிச் சாலையில் மண்சரிவு என்று எங்கள் ஓட்டுநர் மிரிக் வழியாகச் சுற்றினார். ஆளுக்கு 400 பேசியது 550 ஆனது. பின்சீட்டில் நான்கு பேர். வளைவுக்கு வளைவு சித்திக்குக் குமட்டல். பக்கத்தில் இருந்த நேபாளிப் பெண் தன் பையிலிருந்து இஞ்சித் துண்டை எடுத்து வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். அப்புறம் சன்னலோர இடத்தையும் மாற்றிக் கொடுத்தார். தேயிலைத் தோட்டங்கள் பனிமூட்டத்துக்குள் தெரிந்து தெரிந்து மறைந்தன. டார்ஜிலிங் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. காய்கறி மோமோ எட்டு துண்டு 80 ரூபாய். சூடாக ஏதாவது உள்ளே போனால் போதும் என்ற நிலையில் அமிர்தமாக இருந்தது.

செப்டம்பர் 10, ராய் வில்லா

காஞ்சன்ஜங்கா சிகரம் தெரியவில்லை. விடுதிக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மாதம் அப்படித்தான், அக்டோபரில் வாருங்கள்" என்றார். சௌரஸ்தாவிலிருந்து லெபாங் பக்கம் இறங்குகிற சாலையில் நடந்தோம். இறக்கம் வழுக்கியது. சித்தி என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ராய் வில்லா, போஸ்பாரா வீட்டுக்கு நேர் எதிர். மலைச்சரிவில் எழும்பி நிற்கும் பெரிய மாடி வீடு. 1911-இல் பூஜை விடுமுறைக்கு விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் தம்பதி இங்கே தங்கியிருந்தபோது நிவேதிதாவும் வந்து சேர்ந்தார். போஸின் புத்தகங்களைச் செப்பனிட்டுக் கொடுத்ததும், அவர் ஆராய்ச்சிக்கு உதவி திரட்டியதும் இவர்தான். வந்த இடத்தில் வயிற்றுக்கடுப்பு. டாக்டர் நீலரதன் சர்க்கார் பார்த்தும் தேறவில்லை. அக்டோபர் 7 அன்று உயில் எழுதினார். தன்னிடம் இருந்ததும் தன் புத்தகங்களால் வருவதும் பெண்கல்விக்கே என்று. 13-ஆம் தேதி காலை இறந்தார். 44 வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது.

அதன்பின் இந்த வீடு பல கைகள் மாறியிருக்கிறது. டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட் ஏறிய மறுவருஷம், 1954-இல் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் முதலில் தொடங்கியது இங்கேதான். பின்னர் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2013-இல் ராமகிருஷ்ண மிஷனிடம் வந்தது. நிவேதிதாவின் பெயரில் கல்வி, பண்பாட்டு மையமாக நடத்துகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வகுப்புகள் நடக்கின்றன. நாங்கள் போனபோது ஒரு அறையில் சிறுவர்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் இருந்த அறையைக் காட்டிய இளைஞர், சித்தி மூச்சு வாங்குவதைப் பார்த்து நாற்காலியும் கறுப்புத் தேநீரும் கொண்டுவந்தார்.

"படகு மூழ்குது, ஆனா நான் சூரியோதயத்தப் பாப்பேன்னு சொன்னாங்களாம்" என்றார் சித்தி சன்னலைப் பார்த்தபடி. வெளியே பனிமூட்டம், எதிர்மலையே தெரியவில்லை. சித்தப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி அப்போதுதான் பேச ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது, ராத்திரி பாட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தது, எந்தப் பாட்டு என்பது. இரண்டு வருஷமாக எங்களிடம் சொல்லாதவை. அந்த இளைஞருக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் வெளியே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கி ஓடும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

ஏற்றத்தில் திரும்ப நடக்க சித்தியால் முடியாது. டாக்ஸிக்காரர் 300 கேட்டார். பேரம் பேசவில்லை.

செப்டம்பர் 11, டார்ஜிலிங்

காலையில் மயானத்துக்குப் போனோம். நிவேதிதாவைத் தகனம் செய்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. இந்தியாவுக்குத் தன் அனைத்தையும் தந்த சகோதரி நிவேதிதா இங்கே துயில்கிறார் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். படிகளில் பாசி. மழைத்தூறல் விடவேயில்லை. கடைத்தெருவில் வாங்கிய சாமந்தி 30 ரூபாய். சித்தி வைத்துக் கும்பிட்டார், நானும்.

இறங்கும் ஜீப்பில் சித்திக்குக் குமட்டலில்லை, இந்த முறை இஞ்சி கையோடு இருந்தது. ரயிலில் எதிரே உட்கார்ந்த வங்காள ஆசிரியை ஒருவர், எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார். சித்தி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் இந்தியையும் கலந்து ஆரம்பித்தார். மால்டா தாண்டியும் பேச்சு ஓயவில்லை. பக்கத்து பெர்த்துக்காரர் விளக்கை அணைக்கச் சொன்ன பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நான் தூங்கப்போகும்போது எட்டயபுரத்துக்கு எந்த ரயிலில் வர வேண்டும், கோவில்பட்டியில் இறங்கி எந்த பஸ் பிடிக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்குச் சித்தி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.